அறிவுமானிக்கு ஓர் எடைக்கல்

என் பெயர் தாணுலிங்கம் என்பது எனக்குத் தெரியாது.

மறதி நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்தின் அறிவுமானியை நெற்றியில் மாட்டிக்கொண்டு "என் பெயர் தாணுலிங்கம்" என்று சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான் விஷயம். பெயர் வைத்த அன்று நான் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். பிற்பாடு அம்மா சொன்னாள், வாத்தியார் கூப்பிட்டார், ரேஷன் கார்டில் அச்சடித்தார்கள். எல்லாம் பிறர் வாய்ச்சொல். பிறர் சொன்னதை நான் நம்புகிறேனே தவிர, அறியவில்லை. பிறந்த தேதி, தகப்பனார் பெயர், பூமி உருண்டை என்பது எல்லாம் இந்த ரகம்தான்.

இந்த அக்கிரமத்தைச் செய்தவன் யார் என்று கேட்பீர்கள். நான்தான்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கடைசித் தத்துவ ஆசிரியன். முதலாண்டு மாணவர்களுக்குத் தத்துவ அறிமுகம் என்று ஒரு தாள். "நாம் இப்போது கனவு காணவில்லை என்று எப்படித் தெரியும்?" என்று முதல் வகுப்பில் கேட்பேன். பதினோரு பேரில் ஏழு பேர் அப்போது நிஜமாகவே தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் பதினோரு பேரும் வரவில்லை. துறையை மூடி, என் அறையில் விளையாட்டுச் சாமான்களை அடுக்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து மூன்று பொறியாளர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு மனிதனின் மூளையில் உள்ள ஒரு நம்பிக்கை எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்கும் நெற்றிப் பட்டை ஒன்றைச் செய்திருந்தார்கள். கண்டு வந்ததா, யோசித்து வந்ததா, கேட்டு வந்ததா என்பதைப் பட்டை துல்லியமாகக் காட்டியது. "ஆனா சார், இதுல எதை 'தெரியும்'னு சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியல. அதைப் படிச்சவங்கதான் சொல்லணும்" என்றார்கள். இருபத்தாறு வருடங்களில் என்னிடம் ஒருவர் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

நம் பழைய அளவை நூல்கள், அதாவது தர்க்க நூல்கள், அறிவு வர மூன்று வழிகளை ஒப்புக்கொள்கின்றன. காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. நான் முதல் இரண்டுக்கும் பச்சையும் மஞ்சளும் கொடுத்தேன். மூன்றாவதற்குச் சிவப்புக் கொடுத்து, அது அறிவே அல்ல என்று எழுதினேன். சட்டம் எழுத அரசு போட்ட குழு கைதட்டியது.

ஏன் அப்படி எழுதினேன் என்று குழு கேட்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த வீரபாகு, நான் குடித்துவிட்டு வகுப்புக்கு வருவதாக முதல்வரிடம் போய் ஓதியிருந்தான். உண்மையில் மாத்திரை போட்டதால்தான் என் கண் சிவந்திருந்தது. முதல்வர் அதைக் கேட்டார், நம்பினார், துறைத் தலைவர் பதவி வீரபாகுவுக்குப் போனது. அன்றிலிருந்து பிறர் வாய்ச்சொல் என்றாலே எனக்கு வயிறு எரியும். நாட்டின் அறிவுக் கொள்கையை நான் வீரபாகுவின் மேலிருந்த கோபத்தில் எழுதினேன்.

சட்டம் வந்தது. உறுதிமொழிப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் அறிவுமானி கட்டாயம். முதல் ஆறு மாதம் ஊரே கொண்டாடியது. பொய்ச் சாட்சிகள் ஒழிந்தார்கள். அப்புறம் சாட்சிகளே ஒழிந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன் என்று எந்தத் தரகராலும் சொல்ல முடியவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் ஒருவருக்கும் வரலாறு தெரியாது என்று நிரூபணமாகி, உடற்பயிற்சி வகுப்புக்கு மாற்றப்பட்டார்கள். சோதிடர்களுக்குச் சிவப்பைத் தவிர வேறு எரியவே இல்லை. அவர்கள் வாசலில் மட்டும் கூட்டம் குறையவில்லை. என் மனைவி, கருவியை வீட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அறிவாளி அவள்தான்.

என்னைக் கோவில்பட்டியில் அறிவுச் சான்று அலுவலராக உட்கார வைத்தார்கள். பட்டையை மாட்டிவிடவும் தட்டச்சு செய்யவும் ஜெபசெல்வி என்று ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். என்னை மதிப்பாள், என் படிப்பை மதிக்க மாட்டாள்.

செண்பகவல்லி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய பெண் குழந்தை. பிறந்து இருபத்தோராம் நாள். பிறப்புச் சான்றுக்குக் கடைசி நாளும் அதுதான்.

சட்டம் எளிமையானது. "இது நான் பெற்ற குழந்தை என்று எனக்குத் தெரியும்" என்று தாய் பட்டையை மாட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். தகப்பன்களைக் கேட்பதைச் சட்டம் நாசூக்காகத் தவிர்த்திருந்தது. கேட்டால் நாட்டில் ஒரு குழந்தை தேறாது. தாய்க்கு விளக்கு சிவப்பாக எரிந்தால் குழந்தை, அறிந்தவர் கிடைக்கும் வரை, அரசு இல்லத்துக்குப் போகும்.

அவள் சொன்னாள். சிவப்பு.

"இன்னொரு தரம் சொல்லும்மா" என்றேன். சொன்னாள். மறுபடியும் சிவப்பு.

"பிரசவம் எப்படி?"

"வலிப்பு வந்துட்டு சார். முழு மயக்கம் கொடுத்து வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாக."

எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தை பிறந்ததை அவள் பார்க்கவில்லை. உன் குழந்தை இது என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். உரை. என் சிவப்பு.

"டாக்டரம்மாவ வரச்சொல்லிச் சொல்ல வைக்கலாம்ல சார்?" என்றாள் ஜெபசெல்வி.

"ஒரு நாளைக்கு அவங்களுக்குப் பதினாலு ஆபரேஷன். எந்தப் பிள்ளை எந்த வயிறுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் அவங்க சொல்றது இவங்களுக்கு உரைதான்."

"அடேயப்பா, என்ன படிப்பு!" என்று ஜெபசெல்வி தட்டச்சு இயந்திரத்திடம் சொன்னாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு இல்லத்து வண்டி வந்துருமா சார்?" செண்பகவல்லி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அங்க நாப்பத்து மூணு பிள்ளைக இருக்காம். பெத்தவளுக எல்லாரும் தினம் போயி, பார்வையாளர் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் பால் கொடுத்துட்டு வாராளுகளாம். என்னால அது முடியாது சார். நான் செத்துருவேன்."

அவள் கணவன் குஜராத்தில் டேங்கர் லாரி ஓட்டுகிறான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. இதெல்லாம் ஜெபசெல்வி கேட்டு வாங்கிய விவரம். நான் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று என்ற எண்ணிக்கை எனக்குத் தெரியும். மாதாமாதம் அறிக்கை வரும். அந்தத் தாய்மார்கள் பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போடுவது அறிக்கையில் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மரபணுப் பரிசோதனை ஒண்ணு எடுக்கலாம்" என்றேன். "அவகாசம் கேட்டு நான் எழுதறேன். ரிசல்ட்டை நீயே பார்த்து யோசிச்சுப் புரிஞ்சுக்கிட்டா, கருதல்னு மஞ்சள் எரிய வாய்ப்பிருக்கு."

"வேண்டாம் சார்" என்றாள் சட்டென்று. "அதுவும் எவரோ ஒருத்தர் பேப்பர்ல எழுதிக் கொடுக்கதுதான? அதுவும் உரைதான?"

எனக்குப் புல்லரித்தது. இருபத்தாறு வருடம் பாடம் நடத்தினேன், ஒருவன் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. இந்த இக்கட்டிலும், அடடா, நல்ல மாணவி ஒருத்தி என் வகுப்புக்கு வராமல் போய்விட்டாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

"நீ என்னம்மா வேலை பாக்குறே?"

"பைபாஸ்ல எடைமேடைல இருக்கேன் சார். லாரிய ஏத்தி எடை போட்டு ரசீது கொடுக்கது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெற்றிப் பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், வெளிப்பக்கம், விளிம்பு. "சார், இதுக்கு முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"எங்க மேடைக்கு வருசா வருசம் ஆபீசர் வந்து, எடைக்கல்ல ஏத்திப் பாத்து, சரியா இருந்தா ஈய முத்திரை அடிச்சிட்டுப் போவாரு. முத்திரை இல்லாம ஒரு மூட்டை கூட எடை போடக் கூடாது. லாரிக்காரன் முதல்ல அதத்தான் பாப்பான். இது சரியா காட்டுதுன்னு யாரு பாத்தா? எதை ஏத்திப் பாத்தாக?"

ஜெபசெல்வி தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எடைக்கல். அறிவை எடை போடும் கருவிக்கு எடைக்கல் எது? சந்தேகமே இல்லாமல் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அல்லவா! ஒரு வேகத்தில் பட்டையை வாங்கி நானே மாட்டிக்கொண்டேன்.

"ரெண்டும் ரெண்டும் நாலு."

சிவப்பு. ஒன்றாம் வகுப்பில் பிரம்போடு நின்ற சுப்பையா வாத்தியார் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"சூரியன் நாளைக்கு உதிக்கும்."

மஞ்சள். ஊகம்.

"இந்த மேசை இருக்கு."

பச்சை. ஆனால் நேற்று மத்தியானம் இதே மேசையில் தலைசாய்த்துத் தூங்கியபோது, கடற்கரையில் இருப்பதாகக் கனவு கண்டேன். அப்போது கேட்டிருந்தால் கடலுக்கும் பச்சை எரிந்திருக்கும்.

"நான் இருக்கேன்."

பச்சை, பளிச்சென்று.

"அது இருக்கட்டும் சார்" என்றாள் ஜெபசெல்வி. "நீங்க இருக்கீங்கங்கறத வச்சு இந்தப் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?"

செண்பகவல்லி பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, "தையல் வலிக்கி" என்றாள். அதுவும் பளிச்சென்று பச்சை. குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

அந்தச் சுவரில்தான் அது மாட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட வருடாந்திரச் சரிபார்ப்புத் தாள். கருவியின் பொறுப்பு அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறை தானே பட்டையை மாட்டிக்கொண்டு, "இந்தக் கருவி சரியாக வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். சிவப்பு எரியாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடக் கையெழுத்தும் என்னுடையது. மூன்று வருடமும் நான் மாட்டிப் பார்க்கவில்லை. விதியை எழுதியவனே நான், எனக்கெதற்குச் சோதனை என்ற மிதப்பு.

"சார், நீங்க அதை மாட்டிக்கிட்டுச் சொல்லி நான் பாத்ததே இல்லையே" என்றாள் ஜெபசெல்வி, தாளைப் பார்த்தபடி.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று நான் கண்டதில்லை. சென்னைப் பையன்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். விதி பதினான்கும் நினைவுக்கு வந்தது, அதுவும் நான் எழுதியதுதான்: கருவி சரிபார்ப்பில் தேறாவிட்டால் அது தரும் முடிவு செல்லாது, பழைய முறைப்படி தாயின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். அப்படிச் செய்தால் குழந்தை வீட்டுக்குப் போகும், மூன்று கையெழுத்தும் பொய் என்றாகி என் வேலையும் வீட்டுக்குப் போகும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

மாட்டிக்கொண்டேன். "இந்தக் கருவி சரியாக வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும்."

சிவப்பு. இவ்வளவு அழகான சிவப்பை நான் பார்த்ததில்லை.

"ஜெபசெல்வி, நேரத்தைக் குறிச்சுக்கோங்க. கருவி தேறல. பழைய படிவத்தை எடுங்க."

"எங்க சார் இருக்கு அது?"

"பீரோ மேல, விளக்குமாத்துக்குப் பக்கத்துல."

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். முதல் சாட்சி ஜெபசெல்வி. இரண்டாவது சாட்சிக்கு யாரும் இல்லை, நான்தான். "இவரே தாய் என அறிவேன்" என்று அச்சடித்திருந்தது. எப்படி அறிவேன்? அவள் சொன்னாள், நான் நம்பினேன். உரை. ஒழித்துக்கட்ட நினைத்த ஒன்றின் கீழே என் பெயரை எழுதினேன். அந்தப் பெயரும் பிறர் சொன்னதுதானே, பொருத்தமாக இருந்தது.

ஐந்து மணிக்கு இல்லத்து வண்டி வந்து வெறுமனே திரும்பியது. போகும்போது செண்பகவல்லி என் காலில் விழப்போனாள். தையல் இழுக்கவே பாதியில் நிமிர்ந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் இழக்கலாம் என்று நினைத்தேன். இழக்கவும் செய்தேன். திங்கட்கிழமை பணி இடைநீக்க உத்தரவு வந்தது.

ஆனால் ஒன்று நடந்தது. மூன்று வருடமாகக் கருவிக்குச் சரிபார்ப்பு இல்லை என்றால், மூன்று வருடச் சிவப்புகளும் செல்லாதல்லவா? நாற்பத்து மூன்று தாய்மார்களும் பழைய படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒரே வாரத்தில் இல்லம் காலி. சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து கருவியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி பூட்டினார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். பக்காவா இருக்கு."

"எப்படித் தெரியும் தம்பி?"

"கம்பெனியிலேயே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவாங்கன்னு சொன்னாங்க சார்."

என் மேல் விசாரணை நடந்தது. நான் மூன்று வருடம் பட்டையை மாட்டவில்லை என்பதை என்னைத் தவிர யாராவது அறிந்து சொல்ல வேண்டும். ஜெபசெல்விக்குப் பட்டை மாட்டினார்கள். "சார் மாட்டி நான் பாக்கல" என்றாள். பச்சை. "அவர் மாட்டவே இல்லை என்று தெரியுமா?" என்று கேட்டார்கள். "அது எப்படிங்க எனக்குத் தெரியும், நான் சாப்பிடப் போயிருப்பேன்" என்றாள். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. என் சட்டமே என்னைக் காப்பாற்றியது. மறுபடியும் வேலையில் சேர்த்து, கூடவே ஒரு பொறுப்பும் தந்தார்கள்: அறிவுமானிக்கு ஒரு எடைக்கல் கண்டுபிடிக்க வேண்டும்.

எடைக்கல்லைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்தது ஒரே ஆள். எட்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் பைபாஸ் எடைமேடைக்குப் போனேன். வரிசையாக லாரிகள். கண்ணாடி அறைக்குள் செண்பகவல்லி ரசீது கிழித்துக்கொண்டிருந்தாள். தரையில் விரித்த போர்வையில் பிள்ளை தவழ்ந்தது. கொழுகொழுவென்று இருந்தது.

"வாங்க சார், வாங்க!" ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். குடிக்க ஒரு கலர் வாங்கிவரச் சொல்லி லாரிக்காரர் ஒருவரை விரட்டினாள்.

"அன்னைக்கு உனக்கு எப்படிம்மா அந்தக் கேள்வி தோணுச்சு?"

"பயம்தான் சார். என்ன கேட்டாவது அஞ்சு மணிய ஓட்டணும்னு கேட்டேன்."

அடுத்த லாரி மேடையேறியது. எடையைக் குறித்தாள். பிறகு லாரி இறங்கும் சத்தத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரவுககிட்டகூடச் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொன்னா அது உரைதான? சட்டப்படி செல்லாதுல்ல?"

"செல்லாது" என்றேன்.

"மயக்கம் தெளிஞ்சப்ப ஒரு நர்ஸம்மா ரெண்டு கையிலயும் ரெண்டு பிள்ளையோட நின்னுச்சு. பச்சப்பிள்ள முகமா இருந்துச்சு, வேலைக்குப் புதுசு. பிள்ளைக கையில கட்டுன பேர்ச் சீட்டு ரெண்டும் குளிப்பாட்டுன தண்ணியில அவுந்துபோச்சு, சத்தம் போட்டுறாதீகன்னு அழுதுச்சு. பக்கத்துக் கட்டில்ல இருந்த அக்காவுக்கும் முழு மயக்கம், இன்னும் முழிக்கல. உங்க பிள்ள எதுன்னு தெரியுதாக்கான்னு கேட்டுச்சு." அவள் போர்வையைப் பார்த்தாள். "இவ எம்மூஞ்சியப் பாத்தா சார். நான் இவளக் கை காட்டினேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவள் சட்டென்று "வேண்டாம் சார்" என்றதும், எனக்குப் புல்லரித்ததும் ஞாபகம் வந்தது. தர்க்கம் என்று நினைத்தேன், முட்டாள். பரிசோதனைக்கு அவள் பயந்திருக்கிறாள்.

இது தன் பிள்ளை என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது; அந்தக் கருவி அன்று மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது, நாட்டில் ஒருவரும் அதை அறியவில்லை.

"அந்த அக்கா?" என்றேன்.

"கயத்தாறுப் பக்கம் சார். நீங்க அந்த நாப்பத்து மூணையும் விட்டப்ப அவுகளும் பிள்ளைய வாங்கிட்டுப் போயிட்டாக. நல்லா இருக்கு. நான் ரெண்டு தரம் போயிப் பாத்துட்டு வந்தேன்." ரசீதுப் புத்தகத்தை மூடினாள். "அந்தப் பிள்ளையப் பாக்கும்போது எனக்கு ஒண்ணும் தோணல சார். இவ ராத்திரி இருமுனா எனக்கு நெஞ்சு வலிக்கி. நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க, இவ எம்பிள்ளதான?"

இருபத்தாறு வருடம் மாணவர்களைக் கேள்வி கேட்டுத் தூங்க வைத்தவன் நான். இப்போது ஒருத்தி விழித்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள். பிள்ளை தவழ்ந்து வந்து என் செருப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. யார் சாடை என்று கண் தானாகத் தேடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உன் பிள்ளைதாம்மா" என்றேன்.

"நிசமாவா சார்?"

"தெரியும்மா எனக்கு."

நல்லவேளை, நெற்றியில் பட்டை இல்லை. அவள் முகம் தெளிந்தது. நான் சொன்னதைக் கேட்டாள், நம்பினாள். எடைக்கல்லைப் பற்றிக் கேட்க வந்ததை நான் கேட்கவே இல்லை. கலரைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு? அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

சட்டப்படி அது உண்மை. நான் எழுதிய சட்டம்தான்.